வீட்டு டிவியில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய: பினாங்கில் சேவை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பாடிய நிகழ்ச்சி ஒன்று டிவியில் வந்தது. எனக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அன்று இரவு ஷிப்ட் என்பதால் நேரில் பார்க்க முடியவில்லை. வீட்டில் அம்மா ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பதிவு செய்து வைத்தார். ஏழு மாதம் அந்தப் பாட்டு பெட்டிக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அம்மா போட்டுக் காட்டினார். இரண்டாவது வரிசையில் மகள் நிற்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டுக் காட்டுவார். மே மாதம் ஒரு சாயங்காலம் இடி விழுந்து பெட்டி எரிந்துபோனது. இரண்டு நாளில் புதுப் பெட்டி வந்துவிட்டது, பழைய பெட்டியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். பாட்டும் அதோடு போய்விட்டது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கி, தேவையில்லாத இரண்டு பொருள்களையும் வாங்கிய பிறகு வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. புதிதாக வீடு மாறி வந்தவர்கள், முதல் முறையாகச் சேவை எடுப்பவர்கள் இதே அலைச்சலைப் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. விலை கேட்கும் முன், பதிவு எங்கே தங்கும் என்று கேளுங்கள்

கடையில் எந்தப் பெட்டியைக் காட்டினாலும் "போலே ரெக்கார்ட்", அதாவது பதிவு செய்யலாம், என்று தலையாட்டுவார்கள். அந்தப் பதில் போதாது. பதிவு என்று அவர்கள் சொல்வது நான்கு வேறு விஷயங்களாக இருக்கலாம்.

முதலாவது, பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாவது. பெட்டி நிறுவனத்துடையது என்றால் டிஸ்க்கும் அவர்களுடையதுதான். அதில் இருப்பது பூட்டி வைக்கப்பட்ட கோப்பு. டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினாலும் படம் வராது. பெட்டி போனால் பதிவும் போகும்.

இரண்டாவது, நீங்களே வாங்கிய யுஎஸ்பி டிஸ்க்கை இலவச ஒளிபரப்புப் பெட்டியில் செருகிப் பதிவு செய்வது. கோப்பு உங்கள் கையில் இருக்கும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நிறுவனத்தின் சர்வரில் பதிவாவது. மேகப் பதிவு, கிளவுட் ரெக்கார்டிங் என்பார்கள். இடி விழுந்தாலும் பெட்டி மாறினாலும் பதிவு அப்படியே இருக்கும். ஆனால் சந்தாவை நிறுத்தினால் கதவு மூடிவிடும்.

நான்காவது, தவறவிட்டதைப் பின்னால் பார்க்கும் வசதி. கேட்ச்-அப் என்று சொல்லி விற்கிறார்கள். இதைப் பதிவு என்றே சொல்லக் கூடாது. நிறுவனம் விட்டு வைக்கும் நாள்வரை பார்க்கலாம், அவர்கள் எடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

அன்றாடச் சீரியலுக்கு மூன்றாவதும் நான்காவதும் தாராளமாகப் போதும், நேற்றைய சீரியலை யாரும் பத்து வருஷம் வைத்திருக்கப் போவதில்லை. வைத்துக்கொள்ள வேண்டியது என்று ஏதாவது ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இரண்டாவது வழி கட்டாயம் வேண்டும். நான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

2. ஒரு வாரம் எழுதி வையுங்கள்

டிவிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். யார், எந்த நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் குறியுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு டிவி2-இன் தமிழ்ச் செய்தி, அம்மாவுக்கு மூன்று சீரியல், தம்பிக்கு ஐபிஎல், பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். எழுதிப் பார்த்த பிறகுதான், ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசை மோதுவது வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே என்று தெரிந்தது. அதற்கு முன்பு, நான்கு அலைவரிசையை ஒரே நேரத்தில் பதிவு செய்யும் விலை உயர்ந்த திட்டத்துக்குக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன்.

தமிழ்நாட்டில் நேரலையாக நடப்பதைப் பார்ப்பவர்கள் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே இரவு 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு 10 மணிக்குத் தொடங்கி, நள்ளிரவு தாண்டித்தான் முடியும். காலை ஷிப்ட் உள்ளவருக்குப் பதிவு வசதி ஆடம்பரம் அல்ல, தூக்கம்.

3. இலவச வழி: மைஃபிரீவியூ பெட்டியும் சொந்த டிஸ்க்கும்

நாடு முழுக்கப் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு நின்றுவிட்டது. இப்போது ஏரியலில் வருவது மைஃபிரீவியூ என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு. மாதக் கட்டணம் கிடையாது. டிவி1, டிவி2, டிவி3, பெர்னாமா எல்லாம் வரும். டிவி2 102-ஆம் எண்ணில் இருக்கிறது. சன் டிவியோ ஸ்டார் விஜய்யோ இதில் வராது, அதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். தமிழ்ச் செய்தி, டிவி2-இல் போடும் தமிழ்ப் படங்கள், பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகள், உள்ளூர்ப் பிள்ளைகள் வரும் நிகழ்ச்சிகள் ஆகியவற்றைப் பதிவு செய்து சொந்தமாக வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெட்டி இங்குள்ள டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஏற்ற டிவிபி-டி2 வகையாக இருக்க வேண்டும், மைஃபிரீவியூவை நடத்தும் மைடிவி நிறுவனத்தின் சான்றும் சிரிம் தர முத்திரையும் இருக்க வேண்டும். அட்டையில் யுஎஸ்பி பிவிஆர் (யுஎஸ்பியில் பதிவு செய்யும் வசதி) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி துளை இருப்பதாலேயே பதிவு ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். சில பெட்டிகளில் அந்தத் துளை படமும் பாட்டும் போடுவதற்கு மட்டும்தான். நான் முதலில் வாங்கிய பெட்டி அப்படிப்பட்டது. 70 ரிங்கிட் வீண். இரண்டாவது 95 ரிங்கிட். அதைக் கடையிலேயே என் பென் டிரைவைச் செருகி ஐந்து நிமிடம் பதிவு செய்யச் சொல்லி, திரும்பப் போட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பெட்டியின் பின்புறத்தில் ஏரியல் உள்ளே வரும் துளையோடு, வெளியே போகும் துளையும் இருக்கிறதா பாருங்கள். இது சின்ன விஷயம்போலத் தெரியும், உண்மையில் பெரிய விஷயம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, அலைவரிசையைப் பிடிக்கும் டியூனர் ஒன்றே ஒன்றுதான். ஒன்றைப் பதிவு செய்யும்போது வேறொன்றைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் உங்கள் டிவி அண்மைக் காலத்தில் வாங்கியது என்றால் அதற்குள்ளேயே டிஜிட்டல் டியூனர் இருக்கும். பெட்டியிலிருந்து வெளியே போகும் துளையை ஒரு சின்னக் கேபிளால் டிவியின் ஏரியல் துளையில் இணைத்துவிட்டால், பெட்டி தன் பாட்டுக்குச் செய்தியைப் பதிவு செய்யும், டிவி வேறு அலைவரிசையைக் காட்டும். அந்தக் கேபிள் 8 ரிங்கிட்.

டியூனர் உள்ள டிவியிலேயே நேரடியாக டிஸ்க்கைச் செருகிப் பதிவு செய்யலாமே என்று கேட்பீர்கள். சில டிவிகளில் முடியும். ஆனால் பல டிவிகள் பதிவைப் பூட்டி வைக்கும், அந்த டிவியில் மட்டும்தான் ஓடும். டிவி கெட்டால் பழைய கதைதான். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டிஸ்க்கைச் செருகியதும் டிவி ஃபார்மாட் செய்யட்டுமா என்று கேட்கும். அந்த டிஸ்க்கில் கல்யாணப் படங்கள் இருந்தால் ஒரே அழுத்தில் எல்லாம் அழிந்துவிடும். பதிவுக்கென்று தனி டிஸ்க் வையுங்கள், மேலே ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

டிஸ்க் எவ்வளவு பெரியது வேண்டும்? என் பெட்டியில் ஒரு மணி நேர எச்டி நிகழ்ச்சி 2 முதல் 3 ஜிபி பிடிக்கிறது. 64 ஜிபி பென் டிரைவில் இருபது மணி நேரம் போகும். 1 டிபி டிஸ்க்கில் முந்நூறு மணி நேரத்துக்கு மேல் போகும். பென் டிரைவ் மலிவு, ஆனால் மெதுவாக எழுதும் பென் டிரைவில் படம் விட்டு விட்டுப் பதிவாகும். டிஸ்க் வாங்கினால், பெட்டியின் யுஎஸ்பி துளை அதைச் சுற்ற வைக்கும் அளவுக்கு மின்சாரம் தருகிறதா என்று சோதியுங்கள். பழைய யுஎஸ்பி 2.0 துளை அரை ஆம்பியர் தருவதற்கென்றே அமைந்தது. சில டிஸ்க்குகள் அதில் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும். அப்படி நடந்தால் தனியாக மின்சாரம் எடுக்கும் யுஎஸ்பி ஹப் ஒன்று வேண்டும்.

டிஸ்க் எந்த வடிவத்தில் ஃபார்மாட் ஆகியிருக்கிறது என்பதும் முக்கியம். ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. இரண்டரை மணி நேரப் படம் இரண்டு துண்டாகும், சில பெட்டிகளில் பாதியில் நின்றும்விடும். பெட்டி ஏற்றுக்கொண்டால் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் வையுங்கள்.

அடுத்து ஏரியல். யுஎச்எஃப் வகை வேண்டும். நாங்கள் குளுகோரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். சன்னலோரம் வைத்த 35 ரிங்கிட் உள்ளறை ஏரியலே போதுமாக இருந்தது. தரை வீட்டில் இருப்பவர்கள், மலை மறைக்கும் பக்கத்தில் இருப்பவர்கள் கூரை ஏரியல் போட வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்ப வேண்டாம். அக்கம்பக்கத்துக் கூரை ஏரியல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள். பட்டர்வொர்த், பிறை பக்கத்தில் பலர் வடக்கே குனோங் ஜெராய் பக்கம் திருப்பியிருப்பார்கள். பெட்டியின் மெனுவில் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என்று இரண்டு கோடு இருக்கும். தரத்தைப் பாருங்கள். வலிமை நிறைந்திருந்தும் தரம் ஏறி இறங்கினால் பதிவில் கட்டம் கட்டமாக உடையும். பூஸ்டர் உள்ள ஏரியல் என்றால் மெனுவில் ஏரியல் மின்சாரத்தை ஆன் செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் நல்ல ஏரியலைத் திருப்பிக் கொடுத்தவர் எங்கள் மாடியிலேயே இருக்கிறார்.

4. கட்டணச் சேவை: கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

சன் டிவி, ஸ்டார் விஜய், வானவில், விண்மீன் வேண்டுமென்றால் டிஷ் வழிக் கட்டணச் சேவையான ஆஸ்ட்ரோ பக்கம் போக வேண்டும். 2019 இறுதியில் வந்த ஆஸ்ட்ரோவின் அல்ட்ரா பெட்டி முதல் பதிவு மேகத்துக்கு மாறியது, அதற்கு வீட்டில் இணையம் வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு மாறினால் டிஸ்க்கில் இருப்பது கூடவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், மாறும் முன் எல்லாவற்றையும் பார்த்து முடியுங்கள். ஏற்கெனவே யூனிஃபை இணையம் வைத்திருப்பவர்களுக்கு யூனிஃபை டிவி ஒரு வழி. ஒரே பில்லில் வந்துவிடும். ஆனால் உங்களுக்கு வேண்டிய தமிழ் அலைவரிசைகள் அந்தப் பொதியில் இருக்கின்றனவா என்று பெயர் பெயராகச் சரிபாருங்கள். "தமிழ்ப் பொதி இருக்கிறது" என்ற வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு ஆஸ்ட்ரோவின் என்ஜோய் பெட்டி இருக்கிறது. ஒரு முறை வாங்கினால் போதும், வேண்டும்போது பணம் கட்டிக் கூடுதல் அலைவரிசை திறக்கலாம். பதிவுக்காக மட்டும் இதை வாங்குவதாக இருந்தால் வாங்க வேண்டாம்.

அலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

பதிவு பெட்டியிலா, சர்வரிலா?
மொத்தம் எத்தனை மணி நேரம் வைக்கலாம்? நிறைந்தால் பழையது தானாக அழியுமா?
எத்தனை நாள் வரை இருக்கும்?
ஒரே நேரத்தில் எத்தனை அலைவரிசை பதிவாகும்?
நான் பார்க்கும் இந்த இந்த அலைவரிசைகளில் பதிவு அனுமதி உண்டா?
பொதியைக் குறைத்தால், அந்த அலைவரிசையில் ஏற்கெனவே செய்த பதிவைப் பார்க்க முடியுமா?
பெட்டி கெட்டால் என்ன ஆகும்?

ஆறாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. தீபாவளிக்காகப் படப் பொதியைச் சேர்த்து, பத்துப் படம் பதிவு செய்து வைத்துவிட்டு, அடுத்த மாதம் பொதியை நிறுத்திய என் மைத்துனருக்குப் பெயர்ப் பட்டியல் மட்டும்தான் திரையில் மிஞ்சியது. எதை அழுத்தினாலும் பொதியை வாங்கு என்றே வந்தது.

மழையையும் மறக்க வேண்டாம். டிஷ் வழியாக வரும் ஒளிபரப்பு கனமழையில் நின்றுவிடும். பெட்டி டிஸ்க்கில் பதிவாகிக்கொண்டிருந்தால் அந்த நிமிடங்கள் போனதுதான். சர்வரில் நடக்கும் பதிவுக்கு உங்கள் வீட்டு மழை பொருட்டல்ல. சாயங்கால மழை அதிகமுள்ள மாதங்களில், ஆறு மணிக்கு மேல் சீரியல் பதிவு செய்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

டிவி1, டிவி2 நடத்தும் அரசு நிறுவனமான ஆர்டிஎம்-இன் நிகழ்ச்சிகளுக்கு ஆர்டிஎம் கிளிக் செயலி இலவசமாகவே இருக்கிறது. தமிழ்ச் செய்தியைத் தவறவிட்டால் அதில் தேடிப் பாருங்கள், அதற்காகத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.

"எல்லா அலைவரிசையும் வாழ்நாள் முழுக்க, மாதக் காசு இல்லை" என்று ஆண்ட்ராய்டு பெட்டி விற்பவர்களிடம் போகாதீர்கள். உரிமம் இல்லாமல் ஒளிபரப்பைக் கடத்தும் பெட்டிகள் அவை. 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தப்படி, அப்படிப்பட்ட சேவையை விற்பவருக்கும் கொடுப்பவருக்கும் 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. விற்பவர் ஒரு நாள் காணாமல் போவார், உங்கள் பெட்டி அன்றோடு நிற்கும்.

5. ஆவணங்களை ஒரே உறையில் போடுங்கள்

மைகாட் (அடையாள அட்டை) இரு பக்க நகல். வெளிநாட்டவர் என்றால் கடப்பிதழ், வேலை அனுமதி நகல். அவர்களிடம் முன்பணமும் கேட்கலாம் என்பதால் எவ்வளவு, எப்போது திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். முகவரிக்கு அண்மைய தண்ணீர் பில் அல்லது மின்சார பில். வாடகை வீடு என்றால் முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தம், அதோடு சுவரில் துளையிட வீட்டுக்காரர் கொடுக்கும் கடிதம். கடிதம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, வீட்டு எண், பொருத்தும் பொருள், தேதி, கையெழுத்து இருந்தால் போதும். இதை வாங்காமல் துளை போட்டு, வீடு காலி செய்யும்போது முன்பணத்தில் 300 ரிங்கிட் பிடித்துக்கொண்ட கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

அடுக்குமாடி, கொண்டோ என்றால் இன்னொரு படி இருக்கிறது, அங்கேதான் எனக்கு ஒரு வாரம் போனது. வெளிச்சுவர் பொதுச் சொத்து. டிஷ் மாட்ட, கட்டடத்தை நிர்வகிக்கும் ஜேஎம்பி அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். சில கட்டடங்களில் தனி டிஷ்ஷே கூடாது, மொட்டை மாடியில் இருக்கும் பொது டிஷ்ஷிலிருந்து கேபிள் வீட்டுக்குள் வரும். அப்படியானால் உங்கள் வரவேற்பறைச் சுவரில் எத்தனை கேபிள் முனை இருக்கிறது என்று எண்ணுங்கள். டிஷ் வழியாக இரண்டு அலைவரிசையை ஒரே நேரத்தில் எடுக்கும் பழைய வகைப் பதிவுப் பெட்டிக்கு இரண்டு கேபிள் வேண்டும். சுவரில் ஒன்றுதான் இருந்தால், பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதி வேலைதான் செய்யும். ஆள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார், வருகைக் கட்டணம் உங்கள் தலையில் விழும்.

ஜேஎம்பி அலுவலகத்தில் கேட்டு வைக்க வேண்டியவை: வேலை செய்ய அனுமதிக்கும் நாள், நேரம், முன்பணம் உண்டா, பொது டிஷ் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது. எங்கள் இடத்தில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் துளை போடக் கூடாது. நிறுவனம் எனக்குக் கொடுத்த நேரமோ சனி மாலை 3 மணி.

6. இருபத்து நான்கு மாதக் கணக்கு போடுங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் சில மாத விலை. நீங்கள் கையெழுத்துப் போடுவதோ பெரும்பாலும் 12 அல்லது 24 மாதத்துக்கு. ஆகவே மாத விலையை ஒப்பிடாதீர்கள். மொத்தத்தை ஒப்பிடுங்கள். சலுகை முடிந்த பிறகு வரும் விலை, சேவை வரி, பெட்டி வாடகை, பொருத்தும் கூலி, கூடுதல் டிவிக்கான கட்டணம், பதிவு வசதிக்கான கட்டணம், பாதியில் நிறுத்தினால் அபராதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டுங்கள். பதிவு வசதிக்கு மட்டும் மாதம் 15 ரிங்கிட் என்று வைத்தாலும் 24 மாதத்தில் 360 ரிங்கிட்.

என் இலவச வழிக்கு ஆன செலவு: பெட்டி 95, ஏரியல் 35, சின்னக் கேபிள் 8, 1 டிபி டிஸ்க் 229, இடித் தடுப்பு பிளக் 60. மொத்தம் 427 ரிங்கிட். வீணாகப் போன முதல் பெட்டியை இதில் சேர்க்கவில்லை. வீணாகிய இன்னொன்று, டிவியின் யுஎஸ்பி துளையில் செருக வாங்கிய 128 ஜிபி பென் டிரைவ். டிவி அதைப் பூட்டி வைத்ததால் பதிவை எங்கும் நகர்த்த முடியவில்லை. அதை இப்போது வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறேன். கட்டணச் சேவையில் அம்மாவின் மூன்று சீரியல் வரும் மிகச் சின்னப் பொதியை மட்டும் வைத்திருக்கிறோம்.

இணைய வழிப் பதிவையும் கேட்ச்-அப்பையும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள் கவனம். எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் 2 ஜிபிக்கு மேல் போகும். வீட்டில் கம்பி இணையம் இல்லாதவர்களுக்கு மேகப் பதிவு மலிவாகத் தெரிந்தாலும் டேட்டாவில் காசை வாங்கிவிடும்.

7. பொருத்தும் நாள்

தீபாவளி, ஹரி ராயா, பெரிய கால்பந்துப் போட்டி வருவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் சேவைக்கு விண்ணப்பிக்காதீர்கள். எனக்குச் சாதாரண வாரத்தில் நான்கு நாளில் ஆள் வந்தார். அக்காவுக்குத் தீபாவளிக்கு முன் பதினெட்டு நாள் ஆனது.

ஆள் வந்ததும் கையெழுத்துக் கேட்பார். உடனே போடாதீர்கள். அவர் முன்னாலேயே மூன்று வேலையைச் செய்யுங்கள். ஒரு அலைவரிசையைப் பதிவில் போட்டுவிட்டு இன்னொன்றுக்கு மாறுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பதிவை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். அப்புறம் இன்னும் பதினைந்து நிமிடத்தில் வரப்போகும் ஒரு நிகழ்ச்சிக்கு முன்கூட்டியே நேரம் வைத்து, பெட்டியை ஸ்டாண்ட்-பையில் போடுங்கள். தானாக விழித்துப் பதிவு செய்ததைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தேநீர் கொடுத்தால் அவரும் உட்கார்ந்திருப்பார். பெட்டியின் வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

8. முதல் வாரத்தில் வரும் சிக்கல்கள்

பாதிப் பதிவு வந்ததற்கு எங்கள் வீட்டில் முதல் காரணம் சுவர் சுவிட்ச். அம்மா தூங்கப் போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைப்பார், முப்பது வருஷப் பழக்கம். ஸ்டாண்ட்-பையில் இருந்தால்தான் பெட்டி விழிக்கும், சுவிட்சை அணைத்தால் பதிவு கிடையாது. அந்த ஒரு சுவிட்சின் மேல் மட்டும் சிவப்பு டேப் ஒட்டினேன். பிரச்சினை அன்றோடு முடிந்தது.

இரண்டாவது காரணம் நேரம். பெட்டியின் கடிகாரம் ஜிஎம்டி +8 என்று இருக்க வேண்டும். வேறு நாட்டுக்காகச் செய்த பெட்டிகளில் இது மாறியிருக்கும், பதிவு ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். நிகழ்ச்சிப் பட்டியலையும் முழுக்க நம்ப வேண்டாம். நிகழ்ச்சி தாமதமானாலும் பட்டியல் சில நேரம் மாறாது. தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் பதினைந்து நிமிடமும் கூட்டி வையுங்கள். விருது விழா, நேரலைப் போட்டி என்றால் முடிவில் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். பரிசு யாருக்கு என்று அறிவிக்கும் இடத்தில் பதிவு நின்றால் வீட்டில் யாருக்கும் தாங்காது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, வைத்துக்கொள்ள வேண்டிய பதிவுகளைக் கணினிக்கு நகல் எடுங்கள். என் பெட்டியில் கோப்பு டிஎஸ் என்ற வகையில் பதிவாகிறது, விஎல்சி மென்பொருளில் அப்படியே ஓடுகிறது. இன்னொரு நகலை வேறு டிஸ்க்கில் போட்டு அலமாரியில் வையுங்கள். வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான் இது. முகநூலில் ஏற்றவோ யாருக்கும் விற்கவோ வேண்டாம்.

9. இடி

இங்கே இடிக்குக் குறைவில்லை. சுவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, ஏரியல் கேபிளையும் டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். என் பழைய பெட்டியைச் சோதித்தவர், இடியின் தாக்கம் கேபிள் வழியாக வந்திருக்கிறது என்றார். வெளியூர் போகும்போது பதிவு நடக்கட்டும் என்று விட்டுப் போனால், மின்சாரத்துக்கும் கேபிளுக்கும் சேர்த்துத் தடுப்புள்ள பிளக் போடுங்கள். அது எல்லா இடியையும் தாங்காது. மூன்று நாளுக்கு மேல் வெளியூர் என்றால் நான் பதிவை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறேன்.

10. புகார் செய்வதும் நிறுத்துவதும்

சொன்ன வசதி வரவில்லை என்றால் முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். எண் இல்லாத அலைபேசிப் பேச்சுக்கு மதிப்பில்லை. நியாயமான நாள்களில் பதில் வராவிட்டால், தொடர்பு பல்லூடகத் துறைக்கான பயனீட்டாளர் மன்றமான சிஎஃப்எம்-இல் புகார் செய்யலாம். பணம் திரும்ப வேண்டும் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கச் சொன்ன பதில்கள் இங்கேதான் உதவும்.

சேவையை நிறுத்தும்போது, ஒப்பந்தம் முடியும் தேதியைப் பில்லில் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். தேதி கடந்தால் சிலருக்குத் தானாக நீடிக்கும். நிறுத்தச் சொல்வதற்கு முன், பெட்டியிலும் சர்வரிலும் இருப்பதை வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள், நிறுத்திய பிறகு திறக்காது. பெட்டி, ரிமோட், மின்கம்பி மூன்றையும் ஒரே பையில் போட்டு நேரில் கொடுங்கள். வரிசை எண் எழுதிய ரசீதை வாங்கி, கடைசி பில் வந்து கணக்கு பூஜ்யம் ஆகும்வரை அந்த ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.